கதிருக்கு, அம்மா எழுதுவது

கண்ணு கதிருக்கு,

நல்லா இருக்கிறாயா? சுதாவும் குட்டியும் சௌக்கியமா? இங்கே எனக்கு ஒன்றும் குறையில்லை. முட்டிக்குத் தைலம் தேய்க்கிறேன். கீழ்க்காட்டில் சோளம் போட்டிருக்கிறது, கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது. போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய். சைட்டில் சத்தத்தில் கேட்டிருக்காது. எடுத்தாலும் "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். ராத்திரி சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து முழுசாகப் படி.

ஒரு ஜேசிபி, இரண்டு டிப்பர், ஒரு கான்கிரீட் மிக்சர் லாரி, எல்லாமே புதுசாக எடுக்கப் போகிறாய் என்று பெரிய மாமா சொன்னார். நீ சொல்லவில்லை. முடிந்த பிறகு சொல்லலாம் என்று இருந்திருப்பாய்.

எனக்குச் சந்தோஷம்தான். நம் வகையறாவில் லாரி ஓட்டினவர்கள் உண்டு, நாமக்கல்லில் பாடி கட்டினவர்கள் உண்டு, திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியோடு வடக்கே போனவர்கள் உண்டு. சிவில் படித்து, ஓசூரில் போய்த் தன் பெயரில் போர்டு மாட்டினவன் நீ ஒருத்தன்தான். அந்த போர்டு போட்டோவை நான் காட்டாத ஆள் சங்ககிரியில் இல்லை. அதனால் நான் சொல்வதைத் தடை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. உங்கப்பா வண்டி ஓட்டினார், கணக்கு நான் எழுதினேன். டயர், டீசல், தவணை, எஃப்.சி. எல்லாம் என் கையெழுத்தில்தான் அந்த நோட்டுகளில் இருக்கிறது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் வேலை, அப்புறம் வண்டி. உங்கப்பா லோடு பேசாமல் ஒரு வண்டிக்கும் அட்வான்ஸ் கொடுத்ததில்லை.

ஜேசிபி கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். 30 லட்சம் கடன், நாலு வருஷம், 11 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை 77,500 வருகிறது. ஆபரேட்டருக்குச் சம்பளமும் பேட்டாவும் சேர்த்து 28,000 வைத்துக்கொள். உங்கள் பக்கம் மணிக்கு 1,300 வாடகை என்று போன தடவை வந்தபோது சொன்னாய். மணிக்கு 5 லிட்டர் டீசல் குடிக்கும், லிட்டர் 92 என்றால் 460 போகிறது. மிச்சம் 840. தவணைக்கும் ஆளுக்கும் மட்டுமே மாதம் 126 மணி நேரம் வண்டி ஓட வேண்டும். கிரீஸ், டயர், பின், புஷ், இன்சூரன்ஸ், சர்வீஸ் இதில் சேரவில்லை. இப்போது உன் கையில் இருப்பது லேஅவுட் ரோடு ஒன்று, ஷெட் அஸ்திவாரம் ஒன்று. இரண்டும் சேர்ந்து அத்தனை மணி நேரம் வருமா? முடிந்த பிறகு? ஐப்பசி மழையில் சைட் சேறாகக் கிடக்கும்போது? வண்டி நின்றாலும் வட்டி நிற்காது கண்ணு.

ஆறு மாதம் வாடகைக்கே கூப்பிடு. எத்தனை மணி நேரம் கூப்பிட்டாய் என்று ஒரு நோட்டில் எழுதி வை. மாதம் 150 மணியைத் தாண்டி நிலையாக வந்தால், அப்போது ஜேசிபி ஒன்று மட்டும் எடு. அதை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தோண்டும், அள்ளும், நிரவும், லோடு ஏற்றும், ஒரு சைட்டிலிருந்து இன்னொரு சைட்டுக்குத் தானே ரோட்டில் ஓடிப் போகும். ஹிட்டாச்சி அப்படி இல்லை. செயின் வண்டி தார் ரோட்டில் போக முடியாது, ஒவ்வொரு தடவையும் லோபெட் டிரெய்லர் வாடகை. பேஸ்மென்ட் தோண்டும் பெரிய வேலை வந்தால் அன்றைக்கு ஹிட்டாச்சி வைத்திருப்பவரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

டிப்பர் விஷயத்தில்தான் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. பத்து சக்கர வண்டிக்கு 2018-ல் லோடோடு சேர்த்து அனுமதிக்கும் மொத்த எடையை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக ஏற்றினார்கள். டிப்பர் பாடியோடு வெறும் வண்டியே 11 டன் நெருங்கும். மிச்சம் 17, 18 டன். எம்-சாண்ட் ஒரு யூனிட், அதாவது நூறு கன அடி, நாலரை டன்னுக்குக் குறையாது. ஆக நியாயமாக ஏற்றினால் நாலு யூனிட்டுகூட முழுசாக ஏறாது. ஆறு யூனிட் ஏற்றினால்தான் கட்டும் என்று உன்னிடம் யாராவது கணக்குச் சொல்லியிருந்தால், அந்தக் கணக்கில் வண்டியை வாங்காதே. பிடித்தால் 20,000 அபராதம், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. பிடிக்காவிட்டாலும் ஸ்பிரிங் பட்டை உடையும், டயர் வெடிக்கும், இறக்கத்தில் பிரேக் நிற்காது. தொப்பூர் கணவாய் வழியாக உங்கப்பா வரும் ராத்திரிகளில் நான் தூங்கினதே இல்லை. அந்த இறக்கத்தில் ஓவர்லோடு வண்டிகள் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், பக்கத்து வீட்டு அண்ணனை நினைத்துக்கொள்.

ஜல்லியும் மணலும் குவாரிக்காரர்களே தங்கள் வண்டியில் சைட்டில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். உனக்கு எதற்கு டிப்பர்? மண் அள்ளி வெளியே கொட்டத்தான் என்றால், அதற்கும் டிரிப் கணக்கில் ஆள் இருக்கிறார்கள்.

மிக்சர் லாரி வேண்டவே வேண்டாம். ரெடிமிக்ஸ் கம்பெனியே தன் வண்டியில் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போகிறது. ஆறு கன மீட்டர் டிரம், கலவை ஏற்றி இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கியாக வேண்டும், இல்லையென்றால் உள்ளேயே இறுகும். கலவை போடும் பிளான்ட் சொந்தமாக இல்லாதவனுக்கு அந்த வண்டி எதற்கு? இதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்ஜினியர் நீ. அதனால்தான் இந்த லிஸ்டை நீயே போட்டாயா, உன்னோடு தொழிலில் கூட்டுச் சேர்ந்திருக்கிறவர் போட்டாரா என்று யோசிக்கிறேன். அவரைப் பற்றி நான் தப்பாகச் சொல்லவில்லை. கடன் யார் பெயரில், வண்டி யார் பெயரில், ஆர்.சி. புத்தகம் யார் வீட்டில் இருக்கும் என்று மட்டும் கேட்கிறேன்.

லாரிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆகிவிட்டது, இப்போது எடுத்தால் லாபம் என்று ஷோரூமில் சொல்வார்கள். வரி குறைந்தது நிஜம். வேலை கூடவில்லையே.

பழைய வண்டி பார்ப்பதாக இருந்தால் உங்கப்பா பார்த்த மாதிரி பார். விடிவதற்கு முன்னால் போய்விடுவார். முதலில் இன்ஜின் மேல் கை வைப்பார். சூடாக இருந்தால், நாம் வரும் முன்பே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று பேசாமல் திரும்பிவிடுவார். ஆறிய இன்ஜின் ஒரே அடியில் எடுக்கிறதா, ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா என்று பார்ப்பார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் படுத்துச் சேசிஸைச் சாவியால் சுரண்டுவார். புதுப் பெயின்ட்டுக்குக் கீழே வெல்டிங் தெரிந்தால் எத்தனை லட்சம் குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம். ஜேசிபி என்றால் பூமில், அதாவது தோண்டுகிற கையில், ஒட்டு இருக்கிறதா, பக்கெட்டை ஆட்டினால் பின் புஷ் லொடலொடக்கிறதா என்று பார். எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரை நம்பாதே, அதை மாற்றுகிறார்கள். பெடலும் சீட்டும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் வண்டியின் வயசு தெரிந்துவிடும்.

புது வண்டி என்றால் சர்வீஸ் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேள். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த லாரிகளில் டீசல் போக, தனி டேங்கில் யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டும். அது தீர்ந்தாலோ சென்சார் கெட்டாலோ வண்டி இழுக்காது. நம்ம பட்டறையில் ஸ்பேனரோடு முடிகிற காரியம் இல்லை, லேப்டாப்போடு ஆள் வர வேண்டும். அவர் வரும் வரைக்கும் சைட்டில் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், கூலி நீ கொடுப்பாய்.

இன்னொன்று. ஜேசிபி வேலை செய்யும்போது கவிழ்ந்தால் சாதாரண இன்சூரன்ஸில் பணம் வராது, அதற்குத் தனியாகப் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். ஏஜென்ட் தானாகச் சொல்ல மாட்டார், நீ கேட்டு வாங்கு. டிப்பர் யாருடையதாக இருந்தாலும், புதுசாகக் கொட்டின மண் மேல் நிறுத்திப் பாடியைத் தூக்க விடாதே. மேலே கரண்ட் கம்பி போகிறதா என்று டிரைவர் பார்ப்பான் என்று விடாதே, நீ பார். உன் சைட்டில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அவன் அம்மாவுக்கு நீ என்ன பதில் சொல்வாய்?

முதலில் வேலை, அப்புறம் வண்டி. சொன்னதையே சொல்கிறேன் என்று கோபப்படாதே.

போன புதன்கிழமை இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். பைனான்ஸிலிருந்து என்றார்கள். வீட்டு முன்னால் என்னை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். கீழ்க்காட்டுப் பத்திரம், சிட்டா எல்லாம் என் பெயரில்தானே இருக்கிறது என்று கேட்டார்கள். ஜாமீன்தாரர் நீங்கள்தானே அம்மா என்றார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மோர் கொடுத்து அனுப்பினேன். உன்னை விட்டுக்கொடுத்து வெளி ஆள் முன்னால் எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வேன்?

ஆனால் எனக்குத் தெரியாதே கதிர். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த இரண்டு ஏக்கர் உங்கப்பா ஓட்டின வண்டிகளிலிருந்து மிச்சம் பிடித்தது. வண்டிக்காக அதை அவர் ஒரு நாளும் அடமானம் வைக்கவில்லை. தவணை கட்ட முடியாமல் ஒரு வண்டியை பைனான்ஸ்காரன் இழுத்துக்கொண்டு போனபோதுகூட வைக்கவில்லை. நீ ஏழாவது படித்தாய், வாசலில் நின்று பார்த்தாய். வண்டி போனால் இன்னொரு வண்டி என்றார், அடுத்த நாள் வேறு ஆள் வண்டியில் டிரைவராக ஏறினார். நிலம் இருந்ததால்தான் அவரால் அப்படி ஏற முடிந்தது, உன் ஃபீஸும் நிற்கவில்லை.

நிலம் உனக்குத்தான். நான் எங்கே கொண்டுபோகப் போகிறேன். உன் தொழிலுக்கு வேண்டும் என்றால் கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு ஜேசிபிக்கு என்றால், வேலை கையில் இருக்கிறது என்று காட்டினால், யோசிக்கலாம். நாலு வண்டிக்கு முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வா. சுதாவையும் குட்டியையும் கூட்டிக்கொண்டு வா, நாட்டுக்கோழி அடிக்கச் சொல்கிறேன். நாலு வண்டி கொட்டேஷன், பைனான்ஸ் பேப்பர், உன் கையில் இருக்கும் இரண்டு வேலையின் ஆர்டர், எல்லாம் எடுத்து வா. உன் கூட்டாளியும் வந்தால் நல்லது, நான் அவரிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். பேப்பரை முழுக்கப் படித்த பிறகுதான் கையெழுத்து. அதற்குள் பைனான்ஸ்காரர்கள் வந்தால் திங்கட்கிழமை வரச் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

வரும்போது என் கண்ணாடிக்கு அந்த ஓசூர் கடையில் சொன்ன லென்ஸ் வந்துவிட்டதா என்று கேட்டு வாங்கி வா. பொடி எழுத்தெல்லாம் படிக்க வேண்டியிருக்கிறது.

அம்மா