ஜன்னல் கண்ணாடிகளை எங்கே கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரி அருகே என் மாமனார் கட்டிய வீட்டில் மர ஜன்னல்கள் உளுத்துப்போய், சென்ற கோடையில் மாற்றினோம். கழற்றிய கண்ணாடிகள் 18. மூன்றடிக்கு இரண்டடி, 4 மில்லிமீட்டர் கனம். மொத்தம் 100 கிலோ இருக்கும்.

பழைய இரும்புக் கடைக்காரர் தொடவே இல்லை. பாட்டில் கண்ணாடி வேறு, ஜன்னல் கண்ணாடி வேறு, கலந்தால் உருக்குகிறவர்கள் வாங்க மாட்டார்கள் என்றார். மேட்டுப்பாளையம் கொண்டுபோனால் வண்டி வாடகைக்கே கட்டாது. குப்பை வண்டித் தொழிலாளியிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சாக்கைக் கிழித்து அவர் கையில் ஏறிவிடும். படத்துக்குச் சட்டம் போடும் கடையில் நான்கு எடுத்துக்கொண்டார்கள். நாற்றுகளைப் பனியிலிருந்து மூடிவைக்க ஒரு பூ விவசாயி ஆறு வாங்கிப்போனார். மீதி எட்டும் மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. நடுவில் காகிதம் வைக்காததால் பனி ஈரம் இறங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்துப் பார்த்தால் பால் சிந்தியதுபோல் வெள்ளை படிந்திருக்கிறது, தேய்த்தாலும் போகவில்லை. நல்ல கண்ணாடி வீணாவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

இப்படி வழி தெரியாதவர்களில் சிலர் இரவில் சாலையோரம் சரித்துவிடுகிறார்கள். ஐப்பசியில் எங்கள் தோட்டத்தில் இலை பறிக்க வந்த அக்காவின் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு சில்லு குதிகாலில் இறங்கியது. ஐந்து தையல். அந்தச் செடிகளின் அடியில் ஒரு கூடை சில்லு பொறுக்கினேன். காட்டெருமைகள் தினமும் நடக்கும் தடம் அது.

விலங்குகளின் கால்கள் கிழிபடுவதைத் தடுக்கத்தானே, உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2022இல் நம் மாவட்டத்தில் காலி மது பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தரும் திட்டம் வந்தது? ஜன்னல் கண்ணாடி மட்டும் கிழிக்காதா?

உள்ளாட்சி நிர்வாகம் மாதம் ஒருநாள், ஒரு கொட்டகையில் இவற்றை வாங்கட்டும். படுக்கவைக்காமல் நிறுத்திவைக்க மரச்சட்டம் போதும். முழுத் தகடுகளைத் தேவைப்படுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். சூடாக்கிக் கடினப்படுத்திய ‘டஃபன்ட்’ கண்ணாடியை அறுக்க முடியாது, அதைத் தனியே வைக்க வேண்டும். உடைந்தவை ஒரு லாரி அளவு சேர்ந்ததும் சமவெளிக்கு அனுப்பலாம். அப்படியொரு நாளை அறிவித்தால், என் எட்டுக் கண்ணாடிகளையும் முதல் ஆளாக நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி வட்டம்.