முதல் டீயில் அழைக்கப்பட்ட பெயர்

பெங்களூரில் சிறுவர் கோல்ஃப் போட்டிகளை நடத்தும் குழுவினருக்கு, வணக்கம்.

அல்சூரில் குடியிருக்கும் தமிழன் நான். என் மகளுக்குப் பதின்மூன்று வயது. நான்கு ஆண்டுகளாக கோல்ஃப் ஆடுகிறாள். அண்மையில் ஒரு போட்டியில், ஆட்டம் தொடங்கும் இடமான முதல் டீயில் நடந்ததைச் சொல்லவும், அங்கே பெயர் சொல்லி அழைத்து ஆட்டக்காரர்களைப் புறப்படச் செய்யும் ஸ்டார்ட்டர் வேலையை இனி எப்படி நடத்தலாம் என்று உங்களிடம் கேட்கவுமே இந்த மடல்.

அன்று அவளுக்குக் குறித்த நேரம் காலை 7.12. ஏழு மணிக்கே, பந்தைக் குழிக்குள் உருட்டிப் பழகும் புட்டிங் கிரீனில் இருந்தாள். அங்கிருந்து டீ கூப்பிடு தூரம்தான். நான் பெற்றோருக்கான கயிற்றுக்கு வெளியே நின்றிருந்தேன். ஒலிபெருக்கியில் என் பெயர் கேட்டது. மறுபடியும் கேட்டது. மகளின் பெயர் அல்ல, என் பெயர்.

விஷயம் விளங்கச் சில நொடிகள் ஆயின. நம் வழக்கப்படி அவள் பெயருக்கு முன்னால் என் பெயரின் முதலெழுத்து மட்டுமே உண்டு. விண்ணப்பப் படிவம் குடும்பப் பெயரைக் கேட்டது. வேறு வழியின்றி அந்தக் கட்டத்தில் என் பெயரை நிரப்பினேன். ஸ்டார்ட்டர் கையிலிருந்த பட்டியலில் அது மட்டுமே ஏறியிருந்தது. யாரோ ஒரு பையனைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, அவள் குனிந்த தலை நிமிராமல் புட் அடித்துக்கொண்டிருந்தாள். நான் கத்தி அழைத்து, அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து நின்றபோது 7.13 ஆகிவிட்டது. முதல் குழியில் பந்தை விழவைக்க 5 முறை அடித்தாள், அதாவது 5 ஸ்ட்ரோக்; ஸ்கோர் கார்டில் 7 என்று பதிவாயிற்று.

தாமதத்துக்கான அந்த 2 ஸ்ட்ரோக் அபராதம் சரியானது. அதை எதிர்த்து நான் எழுதவில்லை. கோல்ஃப் விதிகளில் 5.3ஏ இதைத் தெளிவாகச் சொல்கிறது: 7.12 என்றால் 7 மணி 12 நிமிடம் 0 நொடி. தாமதம் 5 நிமிடத்துக்கு மேல் போகாவிட்டால் முதல் குழியில் 2 ஸ்ட்ரோக். அதற்கு மேல் போனால் தகுதி நீக்கம். நேரத்துக்கு முன்பே அடித்துவிட்டாலும் இதே தண்டனைதான். தகுந்த நேரத்தில் டீக்கு வந்து நிற்பது ஆட்டக்காரரின் பொறுப்பு. பெயர் சொல்லி அழைக்கவில்லை என்று யாரும் தப்பிக்க முடியாது. 1980 அமெரிக்க ஓப்பனில் புகழ்பெற்ற வீரர் செவே பாலஸ்டெரோஸே தாமதமாக வந்து நீக்கப்பட்டார். மகளிடமும் இதையெல்லாம் சொன்னேன். வீடு திரும்பும் வழியில் அவள் கேட்டது வேறொன்று: “அப்பா, என் பெயரை ஏன் யாருமே கூப்பிடவில்லை?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்க வேண்டும்.

உங்கள் ஸ்டார்ட்டர்களில் பலர் ஊதியம் வாங்காமல் விடியலிலேயே வந்து நிற்பவர்கள். அவர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு. ஐவர் ராப்சன் 1975 முதல் 2015 வரை, 41 ஆண்டுகள், பிரிட்டிஷ் ஓப்பனின் முதல் டீயில் நின்று ஆட்டக்காரர்களை அறிவித்தவர். காலையில் நின்றால் கடைசி ஆட்டக்காரர் புறப்படும்வரை இடத்தைவிட்டு நகரமாட்டார் என்பார்கள். அப்படியொரு தவத்தை யாரிடமும் நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு டீக்கு இரண்டு பேரை நிறுத்துங்கள், நிழலும் தண்ணீரும் கொடுங்கள். ஆனால் கையில் பட்டியலைத் திணித்துவிட்டு அத்துடன் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

படிவத்தில் “அழைக்க வேண்டிய பெயர்” என்று ஒரு கட்டம் சேருங்கள். பிள்ளைகள் வந்ததும் ஸ்டார்ட்டர் ஒருமுறை பெயரைக் கேட்டு, காதில் விழுந்தபடி பட்டியலில் எழுதிக்கொள்ளட்டும். இதற்கு அரை நிமிடம் போதும்.

அடுத்தது கடிகாரம். அன்று ஸ்டார்ட்டரின் கைக்கடிகாரத்துக்கும் கிளப் சுவர்க் கடிகாரத்துக்கும் ஏறக்குறைய ஒரு நிமிட வித்தியாசம் இருந்தது. நொடிக் கணக்கில் தண்டிக்கும் விதியை வைத்துக்கொண்டு இரண்டு கடிகாரங்களை நம்புவது நியாயமில்லை. டீக்கு அருகில், புட்டிங் கிரீனிலிருந்தும் தெரியும்படி, ஒரே அதிகாரபூர்வக் கடிகாரம் வையுங்கள். தொடங்கும் இடம் எதுவரை என்பதைக் கோடு போட்டோ கயிறு கட்டியோ குறிக்க விதிகள் குழுவுக்கு இடம் தருகின்றன. அந்தக் கோடும் இருந்தால், வந்தாளா வரவில்லையா என்ற பேச்சே எழாது.

ஸ்கோர் கார்டை மாற்றிக்கொள்வது, பந்தின் பெயரையும் எண்ணையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது, அதில் சொந்த அடையாளம் போட்டிருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் ஓரளவு நடக்கின்றன. பையிலுள்ள கிளப்புகளை, அதாவது பந்தடிக்கும் மட்டைகளை, எண்ணச் சொல்வதுதான் விட்டுப்போகிறது. 14-க்கு மேல் கூடாது. 2001 பிரிட்டிஷ் ஓப்பனின் கடைசி நாளில் இயன் வூஸ்னம் பையில் 15 கிளப்புகள் இருந்தன; நெடுந்தூரம் அடிப்பதற்கான டிரைவர் என்ற மட்டை மட்டும் இரண்டு. முதல் குழி பார் 3, அதாவது 3 ஸ்ட்ரோக்கில் முடிக்க வேண்டிய குறுந்தூரக் குழி என்பதால் டிரைவருக்கு வேலை இல்லை; இரண்டாம் டீக்குப் போன பிறகே தெரியவந்தது. 2 ஸ்ட்ரோக் போயிற்று. உலகறிந்த வீரருக்கே அப்படி என்றால், அப்பாவின் பழைய வெட்ஜ் மட்டையைப் பையில் செருகிக்கொண்டு வரும் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு யார் சொல்வது? முதல் அடிக்கு முன்பே அதை எடுத்து வெளியே வைத்துவிட்டால் எந்த அபராதமும் கிடையாது. “பையை ஒருமுறை எண்ணிக்கொள்ளுங்கள்” என்ற ஒரு வாக்கியம் போதும். அதை எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். தெரிந்தவர் பிள்ளையிடம் மட்டும் சொன்னால் அது உதவி ஆகாது, பாரபட்சம்.

இன்னொன்று. அன்று டீயைச் சுற்றி நின்ற, ஆட்டக்காரர்களின் பையைச் சுமக்கும் கேடிகள் தமிழிலும் கன்னடத்திலும் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளூர் விதிகள் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரே தாளில் இருந்தன. பையைச் சுமப்பவருக்கும் அந்த விதிகள் தெரிய வேண்டும். அவர் செய்யும் தவறுக்கும் ஆட்டக்காரர்தான் அபராதம் ஏற்கிறார். தாளின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த அதிதி அசோக் பிறந்த ஊர் இது. அவரைப் பார்த்துத்தான் என் மகள் கிளப்பைக் கையில் எடுத்தாள். அடுத்த போட்டிக்கும் அவள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். படிவத்தில் குடும்பப் பெயருக்கான கட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. இம்முறை அங்கேயும் அவள் பெயரையே எழுதினேன். அன்று முதல் டீயில் உதவிக்கு ஆள் தேவைப்பட்டால், அவள் பிரிவு புறப்படும் நேரம் தவிர, காலை ஆறு மணி முதல் நிற்க நான் தயார்.

அன்புடன்,
ஓர் ஆட்டக்காரியின் தந்தை