லிமாசோலில் இருக்கும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மா, ஆயா, நான் மூவரும் நலம். பொங்கல் நல்லபடியாகப் போனது. சித்தப்பா வீட்டில் பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், வைகாசியில் கல்யாணம் இருக்கும் போலிருக்கிறது. மாடி வேலையை இப்போதைக்கு நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஒன்றும் அவசரம் இல்லை. நீ பணம் அனுப்ப வேண்டாம். இந்த மாதமும் வேண்டாம், அடுத்த மாதமும் வேண்டாம்.

அங்கே குளிர் எப்படி? முட்டியை மூடி வைத்துக்கொள். குளிரில் வார்ம்-அப் கூடுதலாகச் செய்ய வேண்டும், தெரியும்தானே.

காலையில் அண்ணா ஸ்டேடியம் பக்கம் போனால் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் சூழ்ந்துகொள்கிறார்கள். "சார், அக்கா இந்த வாரம் ஆடினாங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. 2018-இல் கட்டாக்கில் தமிழ்நாடு மணிப்பூரை வென்று பெண்கள் கால்பந்து தேசியக் கோப்பையைத் தூக்கியபோது, நம் ஊர் இந்துமதி அந்த அணியில் இருக்கிறாள் என்று நீ தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். இன்று இந்தப் பிள்ளைகள் உன் பெயரை அப்படிச் சொல்கிறார்கள். கடலூர்ப் பெண் ஒருத்தி சைப்ரஸில் சம்பளம் வாங்கிப் பந்து ஆடுகிறாள். எனக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் அவர்கள் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் முடியவில்லை.

முன்பெல்லாம் போன் பேசும்போது நீ ஓரிடத்தில் நிற்க மாட்டாய். சமையல் மேடை, பால்கனி, மறுபடி அறை என்று நடந்துகொண்டே பேசுவாய். படம் ஆடுகிறது என்று அம்மா திட்டுவாள். இப்போது கொஞ்ச நாளாகக் கட்டிலில் சாய்ந்தபடியேதான் பேசுகிறாய். முகம் மட்டும் தெரிகிறது. போன முறை தண்ணீர் எடுக்க எழுந்தபோது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாய். கிளப் போட்ட படத்திலும் ஜாக்கெட்டோடு ஓரத்தில் நிற்கிறாய். பாரம் முழுக்க வலது காலில். இடது முட்டி மடங்கவில்லை, பேன்ட்டுக்குள் பட்டை கட்டியது போலப் புடைத்திருக்கிறது. காலமெல்லாம் பி.டி. மாஸ்டராக இருந்தவனுக்கு இது தெரியாதா, பாப்பா?

உனக்கு இது பழக்கம்தான். ஒன்பதாம் வகுப்பில் குறுவட்டப் போட்டியின்போது கணுக்கால் வீங்கியதை கிரேப் பேண்டேஜ் இறுக்கிக் கட்டி மறைத்தவள் நீ. அப்போது ஷூவைக் கழற்றச் சொல்ல நான் பக்கத்தில் இருந்தேன்.

ஏன் மறைக்கிறாய் என்பதும் புரிகிறது. 2026 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் ஆசியக் கோப்பை. 2022-இல் நம் நாட்டிலேயே நடந்தபோது கொரோனாவால் நம் அணி பாதியில் விலக வேண்டியதாகிவிட்டது. போன ஜூலையில் சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என்று வென்று தகுதி பெற்றார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர் அடித்தது, உன்னைப் போலவே நடுக்களத்தில் ஆடுகிறவள். அன்று நீ போனில் அழுதாய். முகாமுக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறாய். ஜூனில் ஒப்பந்தமும் முடிகிறது. இரண்டையும் மனதில் வைத்து வலியோடு ஓடலாம் என்று நினைக்கிறாய்.

வேண்டாம். நடுக்களத்தில் ஆடுகிறவள் நிமிஷத்துக்கு நிமிஷம் காலை ஊன்றித் திரும்ப வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஆள் நெருக்கும்போது பந்தை வாங்கி ஒரே தட்டில் திரும்புகிறாயே, அந்தத் திருப்பத்தில் உடம்பு முழுக்க முட்டியில்தான் முறுக்கும். ஜவ்வு கிழிந்த முட்டி அதைத் தாங்காது. பக்கத்தில் உள்ள குருத்தெலும்பும் சேர்ந்து கிழியும். ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு இந்த ஜவ்வு கிழிவது அதிகம் என்பது உனக்கே தெரியும்.

பார்சிலோனாவின் அலெக்ஸியா புட்டேயாஸை நினைத்துப் பார். 2022 ஜூலையில், யூரோ கோப்பை தொடங்க ஒருநாள் இருக்கும்போது இதே ஜவ்வு கிழிந்தது. உலகத்திலேயே சிறந்த ஆட்டக்காரி, எப்படித் துடித்திருப்பாள்! ஆனாலும் அடுத்த ஏப்ரல் கடைசியில்தான் களத்தில் இறங்கினாள். அந்த ஆகஸ்டில் உலகக் கோப்பை வாங்கினாள். ஒன்பது மாதத்துக்குள் திரும்பினால் மறுபடி கிழியும் ஆபத்து அதிகம் என்று மருத்துவர்கள் சும்மா சொல்லவில்லை.

ஒப்பந்தத்தை நினைத்து பயப்படாதே. காயம் ஒன்றையே காரணம் காட்டி முறித்தால் ஃபிஃபாவில் முறையிடலாம். உன் ஒப்பந்தத்தில் காயம், காப்பீடு, சிகிச்சைச் செலவு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பு. எது வந்தாலும் இருக்கிறேன். பணம் அனுப்ப வேண்டாம் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

எனக்கு இவை மட்டும் தெரிய வேண்டும். விழுந்தபோது "டப்" என்று சத்தம் கேட்டதா? அன்று இரவே வீங்கியதா? மாடிப்படி இறங்கும்போது முட்டி நழுவுகிறதா? எம்.ஆர்.ஐ. எடுத்தாயா? எடுத்திருந்தால் ரிப்போர்ட்டை அனுப்பு. கிளப் டாக்டர் சொன்னதோடு நிற்காமல் வெளியே இன்னொருவரிடமும் காட்டு. வலி ஊசி போட்டுக்கொண்டு மட்டும் ஆடாதே. யார் சொன்னாலும் ஆடாதே.

அம்மாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போய்விடுவாள். இங்கே ஆறரை, உனக்கு மூன்று மணி இருக்கும். அப்போது என் போனுக்குக் கூப்பிடு. வீடியோவில் கூப்பிடு, போனை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டு எனக்கு எதிரே நாலு அடி நடந்து காட்டு.

அன்புடன்,
அப்பா