வெங்காயத்தாமரையும் அந்துப்பூச்சியும்: ஏரித் திட்டத்தில் திருத்தம் கோரி மனு

அனுப்புநர்:
ஏரிக்கரையில் குடியிருப்போர்

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
நீர்வளத் துறை

பொருள்: வெங்காயத்தாமரையை ஒழிக்க அந்துப்பூச்சியை மட்டும் நம்ப வேண்டாம் எனக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஏரியை மூடிக் கிடக்கும் வெங்காயத்தாமரையைத் தின்ன ஓர் அந்துப்பூச்சியைக் கொண்டுவந்து விடும் யோசனை இருப்பதாக அறிந்தோம். மருந்து அடிப்பதற்கு இது எவ்வளவோ மேல்; நாங்கள் எதிர்க்க வரவில்லை. ஆனால் செடியையும் பூச்சியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கவலையாக இருக்கிறது.

இரண்டுக்கும் பிறந்த இடம் தென் அமெரிக்காதான். பூவுக்கு மயங்கிச் செடியை மட்டும் தேசம் தேசமாகக் கொண்டுபோனார்கள். பூச்சி அங்கேயே தங்கிவிட்டது. நிபோகிராப்டா அல்பிகுட்டாலிஸ் என்ற, வாயில் நுழையாத பெயருள்ள அந்தப் பூச்சியை 1977-இல் ஃபுளோரிடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் விட்டார்கள்.

இதன் புழு இலைக்காம்பைத் துளைத்து உள்ளே இருந்து தின்னும். எல்லாக் காம்பும் அதற்குப் பிடிப்பதில்லை. வெங்காயம்போல் உப்பிய இளங்காம்பைத்தான் விரும்பும். அது கிடைப்பது திறந்த நீரின் ஓரத்தில் புதிதாகப் பரவும் செடிகளில். நெருக்கியடித்து வளர்ந்த இடத்தில் காம்பு நீண்டு, ஒல்லியாகி, முற்றிப்போகும். பெயரில் இருக்கும் வெங்காயம் செடியில் இருக்காது. நம் ஏரியின் நடுப்பகுதி முழுக்க இடுப்பளவு உயரத்தில் அப்படித்தான் நிற்கிறது.

வேகத்திலும் செடியைப் பூச்சி ஏணி வைத்தாலும் எட்டாது. பூச்சிக்கு ஒரு தலைமுறை முடிய ஏறக்குறைய ஒரு மாதம். வெயிலும் சத்தும் கூடிவந்தால் செடி இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். அப்புறம் விதை வேறு: சேற்றில் பல ஆண்டுகள் கிடந்துவிட்டு, நீர் வற்றி வெளிச்சம் பட்டதும் முளைக்கும். காம்புக்குள் இருக்கும் புழு அதை என்ன செய்யும்?

ஆகவே, முற்றிய நடுப்பகுதியை முதலில் இயந்திரத்தால் அள்ளச் செய்யுங்கள். அள்ளியதைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் திரும்ப உள்ளே வந்துவிடும், தூரமாகக் கொண்டுபோக வேண்டும். பிறகு துளிர்க்கும் இளஞ்செடிகளில் அந்துப்பூச்சியை விடலாம். மிஞ்சிய முதிர்ந்த செடிகளுக்கு, இதே செடியைத் தின்னும் நியோகெட்டினா என்ற கூன்வண்டு பொருத்தமாக இருக்கும். பூச்சி விட்ட பகுதியில் களைக்கொல்லி தெளிக்கக் கூடாது. வேறு பயிர்களை அது தொடுமா என்ற தனிமைப்படுத்தல் சோதனையின் முடிவையும், விடுவதற்கு முன்பே மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

இத்தனைக்கும் மேல், ஏரிக்குள் வரும் சாக்கடையை அடைத்துத் தர வேண்டும். செடிக்குச் சோறு போடுவது அதுதான்.

இப்படிக்கு,
ஏரிக்கரைக் குடியிருப்போர்