எல்லை தாண்டி வாங்கிய புதுக்கார்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதித் தமிழர்கள் பலர் கோவையில்தான் கார் வாங்குகிறோம். அண்மையில் எங்கள் வீட்டுக்கு வந்த புதுக்காரின் பின்கதவில், ரப்பர் பட்டையை விலக்கினால் மறுபடி பெயின்ட் அடித்த விளிம்பு விரலில் தட்டுப்படுகிறது. மழை பெய்தால் அவ்வழியே நீர் இறங்கி மிதியடி ஊறிவிடுகிறது. விற்றவர்களோ பாலக்காட்டு சர்வீஸ் நிலையத்துக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே, விற்ற இடத்திலேயே கேளுங்கள் என்கிறார்கள். பணம் வாங்கும்போது மட்டும் வாளையாறு மாநில எல்லை குறுக்கே நிற்கவில்லை!

வழக்குப் போட்டாலும் கோவைக்குத்தான் அலைய வேண்டும் என்று விற்பனையாளர் கூறுவது சரியன்று. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். குறை நிரூபணமானால் அதைச் சரிசெய்யவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ ஆணையம் உத்தரவிட முடியும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம்.

மாலை போட்டுப் படம் எடுக்கும் அவசரத்தில், ‘வண்டி நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது’ என்ற தாளில் கையெழுத்து வாங்கிவிடுவதே இவர்களுடைய பெரிய கேடயம். ஒப்படைப்புக்கு முந்தைய சோதனை அறிக்கையின் நகலைக் கையெழுத்துக்கு முன்பே வாங்குபவரிடம் தருமாறு கார் நிறுவனங்கள் தங்கள் முகவர்களுக்குக் கட்டளையிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை.