லடாக் கிளம்புமுன் ஒரு நன்றி மடல்

நாமக்கல் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வருகிற வெள்ளிக்கிழமை விடியற்காலை புல்லட்டில் லடாக் கிளம்புகிறேன். நம்ம ஊரில் ஏறினால் போதும், கன்னியாகுமரியிலிருந்து வரும் அதே 44-ஆம் நம்பர் ரோடு சேலம், ஓசூர், ஐதராபாத், நாக்பூர், ஆக்ரா, டெல்லி, ஜம்மு என்று போய் ஸ்ரீநகரில் முடிகிறது. மொத்த நீளம் 3,700 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து ஜோஜிலா கணவாய், கார்கில் வழியாக லடாக்கின் லே நகரம். 'அந்தம்மாவுக்கு என்ன தைரியம்' என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. தைரியம் என்னுடையதுதான். மற்றதெல்லாம் இரவல். கடன் கொடுத்தவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லிவிட்டுப் போவதுதானே முறை.

முதல் நன்றி வடக்கே லாரி ஓட்டும் அண்ணன்களுக்கு. ஆடி மாதம் போகலாம் என்றுதான் இருந்தேன். "ஆடி, ஆவணியில ஜம்மு தாண்டி ராம்பன் பக்கம் மலை சரியுமுங்க அம்மணி. லைன்ல மாட்டுனா நாள்கணக்கா நிக்கோணும். மழை விட்டதும் புரட்டாசியில போங்க. அதுக்கும் மேல தள்ளுனா ஜோஜிலாவுல பனி விழுந்துரும்" என்று மறித்தார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பழைய டைரியில் ஊர் ஊராக எழுதியும் கொடுத்தார்கள். நாக்பூர் தாண்டி சியோனி போகிற வழியில் பெஞ்ச் புலிக்காடு. மிருகங்கள் அடியில் கடந்து போகவே ரோட்டைத் தூக்கிப் பாலமாகக் கட்டியிருக்கிறார்கள். வெளிச்சம் இருக்கும்போதே தாண்டிவிட வேண்டும். விடியற்காலை இரண்டு மணியிலிருந்து நாலரை வரை, எவ்வளவு பழகிய கையானாலும், வண்டி ஓட்டக்கூடாது.

எல்லாம் சரி, பெண்கள் போகிற மாதிரி சுத்தமான கக்கூஸ் எந்த பங்க்கில் இருக்கிறது என்று கேட்டேன். பெஞ்சில் ஒரு சத்தமில்லை! கடைசியில் ஒரு அண்ணன் தன் வீட்டம்மாவுக்குப் போன் போட்டுக் கையில் கொடுத்தார். பள்ளிக்கூட லீவில் பிள்ளைகளோடு லாரியிலேயே நாக்பூர் வரை போய் வந்தவராம். மளமளவென்று சொல்லிக்கொண்டே போனார். எந்த மேப்பிலும் இல்லாத பட்டியல் அது. அக்கா, உங்களை இன்னும் நேரில் பார்க்கவில்லை. வந்ததும் வீட்டுக்கு வருகிறேன்.

அடுத்து பட்டறைத் தம்பி. பின்சக்கரத்தை நானே கழற்றிப் பஞ்சர் போட்டு மாட்டுகிறவரை வண்டியைத் தரமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார். என் வண்டி ஸ்போக் வீல், உள்ளே டியூப். டயர் லீவரை ஆழமாக விட்டால் டியூபைக் கடித்துவிடும். எதிர்ப்பக்க விளிம்பை முழங்காலால் அமுக்கி ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கினால்தான் இந்தப் பக்கம் தளர்ந்து கொடுக்கும். கடைசி ஒரு சாணுக்கு சோப்புத் தண்ணீர் தடவிக் கையாலேயே நெட்டித் தள்ள வேண்டும். "பலம் வேண்டாங்க்கா, பள்ளம் தெரிஞ்சாப் போதும்" என்பார். புது கிளட்ச் கேபிள் ஒன்றைப் பழைய கேபிளோடு சேர்த்தே ஓட்டி டேப் சுற்றி வைத்திருக்கிறார். அறுந்தால் இரண்டு முனையையும் மாற்றி மாட்டிக்கொண்டு கிளம்பலாம். கூலியைக் கேட்டால், திரும்பி வந்து கொடுங்க என்கிறார்.

லே 3,500 மீட்டர் உயரம். நமக்குத் தெரிந்த தொட்டபெட்டாவே 2,637தான். மணாலி வழியைவிட ஸ்ரீநகர் வழியில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதால் உடம்பு பழகும், லே போனதும் இரண்டு நாள் சும்மா படுத்துக் கிடங்க, அன்னைக்கே கர்துங் லா கணவாய் ஏறிப் போட்டோ போடாதீங்க என்று சொன்ன டாக்டரம்மாவுக்கு நன்றி. வெளிமாநில பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது என்று சொல்லி, போஸ்ட்பெய்டுக்கு மாற்றிக்கொடுத்த செல்போன் கடைப் பெண்ணுக்கும், லீவு கொடுத்த மேனேஜருக்கும், ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்திய பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நன்றி. 'பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை' என்று கேட்ட பெரியவர்களுக்கும் ஒரு கும்பிடு. அவர்களால்தான் என் மகள் இந்தப் பயணத்துக்கு முழுமூச்சாக வக்காலத்து வாங்கினாள்.

இனி ஒரே ஒரு உதவி. ஓட்டும்போது போன் எடுக்க மாட்டேன். சாயங்காலம் தங்குமிடம் சேர்ந்ததும் மகளுக்கு மெசேஜ் போடுவேன், அவள் உங்களுக்குச் சொல்லுவாள். ஜோஜிலா பக்கம் சிக்னல் கிடைக்காமல் போகலாம். ஒரு ராத்திரி தகவல் வரவில்லை என்றால் தயவுசெய்து எங்க அம்மாவிடம் போய், "ஏனுங்க, பிள்ளைகிட்ட இருந்து எதாச்சும் தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் புல்லட் அம்மணி,
நாமக்கல்