திசைகாட்டி வென்ற இரவைப் பற்றி மகளுக்கு

யாழ்ப்பாணம்
16.11.2024

அன்பு மகளுக்கு,

நேற்று அதிகாலை மூன்றரை மணிக்கு, பாராளுமன்றத் தேர்தல் பெறுபேறுகள் வந்துகொண்டிருந்தபோது, நீ தொலைபேசியில் அழைத்து, "அப்பா, எங்கட சனத்துக்கு என்ன நடந்தது?" என்று கேட்டபோது உன் குரல் உடைந்திருந்தது. ரொறன்ரோவில் அப்போது மாலை ஐந்து மணி. வேலை முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் அழைத்திருக்கிறாய் என்பது பின்னால் கேட்ட வாகனச் சத்தத்தில் விளங்கியது. அந்த நேரத்தில் என்னால் உனக்கு ஒழுங்கான பதில் எதுவும் சொல்ல முடியவில்லை. கையில் பேனாவும் மடியில் கொப்பியுமாக இருந்த எனக்கே அப்போது எதுவும் பிடிபடவில்லை. நேற்று முழுவதும் யோசித்துவிட்டு இப்போதுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தேர்தல் இரவுகளில் கொப்பியில் கோடிட்டுத் தொகுதி தொகுதியாகப் பெறுபேறுகளைக் குறித்து வைப்பது என்னுடைய பழைய வழக்கம் என்பது உனக்குத் தெரியும். 1977 இல், நான் முதன்முதலாக வாக்களித்த பொதுத் தேர்தலில், வானொலிக்குப் பக்கத்தில் இருந்து தொடங்கிய வழக்கம் அது. அந்தப் பழைய கொப்பிகள் 1995 இடப்பெயர்வில் வீட்டோடு போய்விட்டாலும் வழக்கம் என்னோடு வந்துவிட்டது. கணித ஆசிரியராக இருந்த காலத்தில் வாக்கெண்ணும் கடமைக்கு மத்திய கல்லூரிக்குப் போயிருக்கிறேன் என்பதால், ஓர் எண் தொலைக்காட்சித் திரையில் தோன்றும்போது அதற்குப் பின்னால் இருக்கும் மேசைகளும், கட்டுக்கட்டான வாக்குச்சீட்டுகளும், தூக்கம் கலையாத கண்களும் எனக்குத் தெரியும். ஆகவே அந்த எண்களை நான் சந்தேகிக்கவில்லை. நீ சந்தேகித்தாய். அவை சரியான எண்கள்தாம், பிள்ளை.

வியாழக்கிழமை பகல் விட்டுவிட்டுப் பெய்த மழை இரவில் ஓய்ந்திருந்தது. மறுநாள் ஐப்பசிப் பௌர்ணமி என்பதால் முற்றத்தில் நல்ல நிலவு. தென்னிலங்கையில் தேசிய மக்கள் சக்தியின் சின்னமான திசைகாட்டி அள்ளிக்கொண்டு போகும் என்பதை எல்லோரும் எதிர்பார்த்திருந்தோம். செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் வென்று அக்கட்சியின் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியாக வந்த பிறகு அது புதினமல்ல. ஆனால் அந்தத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அவருக்குக் கிடைத்தவை 27,086 வாக்குகள் மாத்திரமே, நூற்றுக்கு எட்டுக்கூட இல்லை. இங்கே சஜித் பிரேமதாசவுக்கும் தமிழ்ப் பொதுவேட்பாளர் அரியநேத்திரனுக்கும் இடையில்தான் போட்டி இருந்தது. எட்டு வாரம்கூட ஆகவில்லை. ஆகவே எங்களுடைய தொகுதிகளில் முதலாம் இடத்தில் தமிழரசுக் கட்சியின் வீடும், அதற்கடுத்து தமிழ்க் காங்கிரஸின் சைக்கிளோ ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணியின் சங்கோ வரும் என்று நினைத்து, கொப்பியில் அந்த ஒழுங்கிலேயே நிரல்களை வரைந்து வைத்திருந்தேன். திசைகாட்டிக்குக் கடைசி நிரலில் இடம் விட்டிருந்தேன்.

நல்லூரில் திசைகாட்டி. யாழ்ப்பாணத் தொகுதியில் திசைகாட்டி. மானிப்பாயில் திசைகாட்டி. என் தகப்பனாரும் நானும் வாழ்நாள் முழுவதும் வாக்களித்த வட்டுக்கோட்டையிலும் அதுவே. கிளிநொச்சியில் வீடு முன்னுக்கு நின்றபோது நான் என்னையறியாமல் "அப்பாடா" என்றேன். உன் தம்பி ஒன்றும் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் யாருக்கு வாக்களித்தான் என்பதை நான் ஊகித்திருந்தேன். ஊகிக்காதது உன் அம்மாவை.

இதை உனக்கு எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதுங்கோ, ஒளிக்க என்ன இருக்கு" என்றார். நீ தொலைபேசியை வைத்த பிறகு தேநீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, "நானும் திசைகாட்டிக்குத்தான் போட்டனான்" என்று சொன்னார். நாற்பது ஆண்டுக்கு மேல் ஒன்றாக வாழ்ந்த இருவரும் ஒரே வாக்குச்சாவடிக்கு ஒன்றாக நடந்து போய் விரலில் மை பூசிக்கொண்டு ஒன்றாகத் திரும்பி வந்திருக்கிறோம், எனக்குத் தெரியவில்லை. கோபம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் உன் கேள்விக்கு நான் கேட்ட பதில்களில் நேர்மையானது அதுதான்.

இம்மாதம் முதலாம் திகதி, இராணுவம் மூடி வைத்திருந்த பலாலி – அச்சுவேலி வீதி 34 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டது அல்லவா? அடுத்த வாரமே அம்மா தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய் வந்திருக்கிறார். 1990 ஜூனில் வசாவிளானில் இருந்து ஒரு பையோடு வெளிக்கிட்டபோது அவருடைய வயது முப்பத்திரண்டு. நீ கைக்குழந்தை. சீதனமாக வந்த அந்த ஐந்து பரப்புக் காணி இன்னும் வேலிக்கு அப்பால்தான் இருக்கிறது, வீதி திறந்ததால் காணி திறந்துவிடவில்லை. ஆனால் வீதியில் நின்று பார்க்க முடிந்தது. "முப்பத்துநாலு வருசமா வாக்குக் கேட்டு வந்த எல்லாரிட்டையும் அந்தக் காணியைப் பற்றிச் சொன்னனான். எல்லாரும் தலையாட்டினவை. இவை வந்து ரண்டு மாதத்திலை ரோட்டையாவது திறந்திருக்கினம். ஒருக்கா குடுத்துப் பாப்பம் எண்டு நினைச்சன்." அவ்வளவுதான். இதில் உரிமையை விற்ற கதை எங்கே இருக்கிறது என்று நீயே சொல்.

நீ அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை வாசித்தேன். தமிழர் தம் அரசியலைத் தாமே புதைத்துவிட்டனர் என்று ஒரு சாரார் அழுகிறார்கள். தமிழ்த் தேசியம் முடிந்துவிட்டது, இனி எல்லோரும் இலங்கையர் என்று மற்றொரு சாரார் கொண்டாடுகிறார்கள். இரு தரப்பினரும் கணக்குப் பார்க்கவில்லை. நான் நேற்றுப் பார்த்தேன். உனக்குக் கணிதம் சொல்லித்தந்தவன் நான் என்பதால் கொஞ்சம் பொறுமையாக வாசி.

மாவட்டத்தில் செல்லுபடியான வாக்குகள் 325,312. அவற்றில் திசைகாட்டிக்கு 80,830, அதாவது நூற்றுக்கு 24.85. வீட்டுக்கு 63,327. சைக்கிளுக்கு 27,986. மருத்துவர் அர்ச்சுனாவின் சுயேச்சைக் குழுவுக்கு, அதுதான் ஊசிச் சின்னம், 27,855. சங்குக்கு 22,513. டக்ளஸ் தேவானந்தாவின் கட்சியான ஈ.பி.டி.பி.யின் வீணைக்கு 17,730. யாழ்ப்பாணத்துக்கு இம்முறை ஆறு ஆசனங்கள்தான். 2020 இல் ஏழு இருந்தது, ஆட்கள் வெளிக்கிட்டுப் போகப் போக அதுவும் குறைந்துவிட்டது. மாவட்டத்தில் அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கு முதலில் ஒரு போனஸ் ஆசனம் போகும். நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே எடுத்தவர்களைக் கழித்துவிட்டு, எஞ்சிய வாக்குகளை மீதமுள்ள ஐந்து ஆசனங்களால் பிரித்தால் ஓர் ஆசனத்துக்கு ஏறத்தாழ 48,000 வருகிறது. அந்த அளவை முழுமையாகத் தொட்டவை திசைகாட்டியும் வீடும் மட்டுமே, ஆளுக்கு ஒருமுறை. எஞ்சிய மூன்று ஆசனங்களும் மிச்ச வாக்கு யாரிடம் அதிகம் என்பதைப் பார்த்து, திசைகாட்டிக்கும் சைக்கிளுக்கும் ஊசிக்கும் போயின. நாலில் ஒரு பங்கு வாக்குக்குப் பாதி ஆசனம் கிடைத்த விதம் இதுதான்.

வீடு, சைக்கிள், சங்கு ஆகிய மூன்றினதும் வாக்குகளை ஒன்றாகக் கூட்டிப் பார். 113,826 வரும். அவை ஒரே பட்டியலில் நின்றிருந்தால் போனஸ் ஆசனம் அந்தப் பக்கம் போயிருக்கும், மூன்று பேர் அங்கிருந்து தெரிவாகியிருப்பர், திசைகாட்டிக்கு இரண்டுதான் கிடைத்திருக்கும். மக்கள் கைவிட்டார்கள் என்று அழுபவர்கள் இந்தக் கூட்டலைச் செய்து பார்க்க வேண்டும். தமிழரசுக் கட்சியின் தலைவர் தெரிவு ஜனவரியில் நடந்து உடனேயே நீதிமன்றம் ஏறியதும், ஜனாதிபதித் தேர்தலில் கட்சி சஜித் பக்கம் நிற்க, தெரிவான தலைவர் பொதுவேட்பாளர் பக்கம் நின்றதும் நாங்கள் எல்லோரும் பார்த்தவை. நாற்பதுக்கும் மேற்பட்ட பட்டியல்கள் இருந்த நீண்ட வாக்குச்சீட்டை வைத்துக்கொண்டு மறைப்புக்குள் நின்றபோது எனக்கே ஒரு கணம் கை தயங்கியது. 32,000 இற்கும் மேற்பட்ட வாக்குகள் நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. மத்திய கல்லூரியில் அப்படிப்பட்ட சீட்டுகளை நான் கையில் எடுத்துப் பார்த்தவன். அவற்றுள் சில தவறுதலாக நேர்ந்தவை, சில வேண்டுமென்றே கீறியவை. பதிந்தவர்களில் பத்தில் நான்கு பேர் வாக்குச்சாவடிக்கே வரவில்லை. இதையெல்லாம் சேர்த்தால் தெரிவது களைப்பும் கோபமும். மனமாற்றம் என்று அதற்குப் பெயர் வைக்க எனக்குத் துணிவில்லை.

ஆனாலும் இதைச் சின்ன விஷயமாக்கிவிட மாட்டேன். 27,086 எட்டு வாரத்துக்குள் 80,830 ஆவது வெறும் கணக்கு விளையாட்டன்று. தமிழரசுக் கட்சியின் சுமந்திரன் தோற்றார், டக்ளஸ் தேவானந்தா தோற்றார். கொழும்பில் இருந்து இயங்கும் ஒரு கட்சி யாழ்ப்பாண மாவட்டத்தில் முதலாம் இடத்துக்கு வருவதை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை. மட்டக்களப்பு மட்டும் வீட்டோடு நின்று மூன்று ஆசனங்களைக் கொடுத்தது. இருபத்தொரு மாவட்டங்களில் திசைகாட்டி முதலாவது, மொத்தம் 159 ஆசனங்கள். 1978 அரசியலமைப்பின் விகிதாசார முறையில் தனிக் கட்சி எதுவும் இதற்குமுன் மூன்றில் இரண்டு பெரும்பான்மை எடுத்ததில்லை.

உன் அப்பப்பா சொன்ன ஒன்று நேற்று முழுவதும் என் நினைவில் ஓடியது. 1952 இல் செல்வநாயகம் காங்கேசன்துறையிலேயே ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளரிடம் தோற்றார். அன்றும் தமிழரசுக் கட்சி முடிந்தது என்றுதான் பேசினார்களாம். நாலே வருடத்தில், சிங்களம் மட்டும் என்ற கோஷம் எழுந்த 1956 இல், அதே தொகுதி அவரைத் தெரிவுசெய்தது. 1970 இல் எனக்குப் பதினைந்து வயது. எங்கள் வட்டுக்கோட்டையில் அமிர்தலிங்கம் தோற்ற இரவில் வானொலியை நிறுத்திவிட்டு அப்பப்பா வெகுநேரம் திண்ணையில் இருந்தார். அமிர்தலிங்கத்தைத் தோற்கடித்து வென்ற தியாகராசா பின்னர் அரசாங்கத்தோடு சேர்ந்து 1972 அரசியலமைப்புக்கு ஆதரவாக நின்றார். 1976 இல் தனிநாடு கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானம், 1977 இல் தமிழர் விடுதலைக் கூட்டணிக்குப் பதினெட்டு ஆசனங்கள், அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர். இரண்டு தடவையும் எங்கள் மக்கள் தம் தலைவர்களைத் தண்டித்தார்கள். இரண்டு தடவையும் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்ததில் தலைவர்களின் உழைப்பைவிடக் கொழும்பு செய்த காரியங்களுக்கே பெரும் பங்கு. அதனால்தான் இந்தப் பெறுபேற்றின் பொருளை நேற்று எண்ணி முடித்த வாக்குகளில் மாத்திரம் என்னால் தேட முடியவில்லை. அதன் பாதியை எழுதப்போகிறவர்கள் அங்கே 159 ஆசனங்களோடு இருக்கிறார்கள்.

எனக்குப் பயமும் இருக்கிறது. இணைந்திருந்த வடக்கையும் கிழக்கையும் பிரிக்கக் கோரி வழக்குப் போட்டு 2006 இல் தீர்ப்பு வாங்கியவர்கள் ஜே.வி.பி.யினர். இன்று திசைகாட்டியின் முதுகெலும்பு அவர்கள்தாம். பாசையூரில் ஜனாதிபதி பேசியபோது காணிகளைப் பற்றிச் சொன்னார். புதிய அரசியலமைப்பில் எங்களுக்கு என்ன பங்கு என்பதற்கு நான் எதிர்பார்த்த தெளிவான வார்த்தை அங்கே வரவில்லை. அம்மாவிடம் இதையும் சொன்னேன். "அதைக் கேக்க வேண்டிய ஆக்கள் இப்ப அங்கை மூண்டு பேர் இருக்கினம்தானே" என்றார். இளங்குமரன், மருத்துவர் சிறீபவானந்தராசா, றஜீவன் ஆகிய அந்த மூவரும் அரசாங்கப் பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு எங்கள் மொழியில், எங்கள் காணியைப் பற்றி, எங்கள் காணாமற்போன பிள்ளைகளைப் பற்றி எழுந்து கேட்பார்களா என்பதை நானும் பார்க்கத்தான் போகிறேன். அவர்களைத் துரோகிகள் என்று இப்போதே எழுதிவிடாதே, மகள். அந்தச் சொல் எங்கள் மண்ணில் என்னென்ன செய்தது என்பதை நீ சிறுபிள்ளையாக இருந்தபோது பார்த்தவள்.

உன் தம்பியோடு கோபிக்காதே. அம்மாவோடும்தான். ஞாயிற்றுக்கிழமை அவர் உன்னோடு பேசும்போது அரசியல் கதைக்காமல் விட வேண்டாம், கதை, அவர் சொல்வதைக் கேள்.

இன்று காலை அவர் இரும்புப் பெட்டிக்குள் இருந்து வசாவிளான் காணி உறுதியை எடுத்து மேசையில் வைத்திருக்கிறார். 1990 இல் வெளிக்கிட்டபோது அந்தப் பைக்குள் இருந்தது அதுவும் உன் பால்போத்தலும்தான். விளிம்பு முழுவதும் பழுப்பேறி மடிப்புகளில் கிழியத் தொடங்கிவிட்டது. ஏழு பிரதிகள் எடுத்து, தெரிவான ஆறு பேருக்கும் ஒவ்வொன்றை ஒரே கடிதத்தோடு அனுப்ப வேண்டும் என்றும், ஏழாவது உனக்கு என்றும் சொல்கிறார். கடிதத்தை நான்தான் எழுத வேண்டுமாம். இதை முடித்துவிட்டு அதைத் தொடங்குகிறேன்.

அன்புடன்,
அப்பா